கல்யாண வீட்டுக்குப் போறவங்க தலையில என்ன வைக்கலாம், எவ்வளவு வைக்கலாம்

ஆவணி பொறந்துட்டா போதும், பத்திரிகை ஒண்ணு மேல ஒண்ணா வந்து டிவி ஸ்டாண்டுல அடுக்கி நிக்கும், கூடவே வீட்டுல இருக்க சின்னப் பிள்ளைகள்ட்ட இருந்து அந்தக் கேள்வியும் வந்துரும், "இப்பல்லாம் யாரு தலையில பூ வைக்கா, சும்மா ப்ரீ ஹேர் விட்டுட்டுப் போனாப் போதும்லா"ன்னு. போதுந்தான், யாரும் வாசல்ல நிறுத்தப் போறதில்ல. ஆனா பாளை, தென்காசி, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில்னு எந்த ஊர் மண்டபத்துல வேணும்னாலும் முகூர்த்தத்துக்கு முன்னால வாசல்ல ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க, பூ இல்லாம வார தலைதான் கம்மியா இருக்கும். காலேஜ் பிள்ளைகளே ப்ரீ ஹேர் விட்டு பின்னால ஒரு கிளிப்புல கொஞ்சம்போல மல்லி தொங்கவிட்டுத்தான் வாராங்க.

மாறிப்போனது அளவு. ஒரு காலத்துல இடுப்பு வரைக்கும் ஜடையே தெரியாம பூ தொங்கும், இப்ப தோளத் தாண்டுனாலே ஜாஸ்தி. அப்புறம் பார்லர்ல ஒட்டித் தாரானுவல்லா, தங்கக் கலர் இலை, கல்லு, முத்து எல்லாம் வச்ச பெரிய வேணி, அது விருந்தாளி தலையில இருந்தா இப்ப பழசாத்தான் தெரியுது, எனக்கு அது முன்னயும் பிடிக்காதுங்குறது வேற விசயம். நான் வச்சிருக்க கணக்கு ஒண்ணுதான், ஒங்க தலையப் பாத்தா கல்யாணத்துக்கு வந்தவன்னு தெரியணும், பொண்ணு இவதானோன்னு கேமராக்காரருக்கு சந்தேகம் வந்துரக்கூடாது. இதுக்குள்ள என்ன வேணும்னாலும் பண்ணலாம்.

அதனால மொதல்ல நீங்க அந்த வீட்டுக்கு யாருன்னு பாத்துக்கோங்க. மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவன்னா தாலியில மூணாவது முடிச்சு போடுத ஆளு நீங்கதான், நாத்தனார் முறை, ஆல்பத்துல அந்தப் போட்டோவுல பொண்ணு கழுத்துக்குப் பின்னால குனிஞ்சு நிக்கது ஒங்க தலை, அங்க நல்லா நெறையவே வைக்கலாம், வைக்கணும். அத்தை, சித்தி, மைனி முறைன்னா அதுக்கு ஒருபடி கம்மி. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, பக்கத்து வீடு, பிள்ளையோட டீச்சர், இவங்களுக்கு ஒரு முழம் தாராளம். நெத்திச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் இதெல்லாம் பொண்ணுக்கு விட்டுருங்க. நாகர்கோவில் வடசேரில செய்த கோயில் நகை செட்டு வீட்டுல இருக்கு, டான்ஸ் கத்துக்கும்போது வாங்குனது, சும்மாதான கிடக்குன்னு தோணும், அதுல இருந்து ஒத்த ஜடைபில்லைய மட்டும் எடுத்து கொண்டைக்குப் பக்கத்துல வச்சா அழகு, செட்ட முழுசாப் போட்டுட்டுப் போனா அடுத்து எப்ப ஆடப்போறன்னு கேப்பாங்க.

இனி என்ன பூங்குறது. இதுல மாசமும் நேரமும் ரெண்டும் சேத்துப் பாக்கணும், நெறைய பேரு இங்கதான் கோட்டை விடுதாங்க.

மல்லி மொட்ட விடியுறதுக்கு முன்னாலயே பறிச்சிருவாங்க, காலைல மார்க்கெட்டுக்கு வரும், சாயங்காலம் பொழுது சாயுற நேரத்துக்குத்தான் விரியும், மறுநா காலைல வாடத் தொடங்கிரும். இத மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும். காலைல ஒம்பது பத்தரை முகூர்த்தத்துக்கு அன்னைக்கு வந்த பூவ வாங்கி வச்சீங்கன்னா தலையில மொட்டா முத்து முத்தா நிக்கும், போட்டோவுக்குப் பிரமாதம், ஆனா வாசம் வராது, நீங்க பந்தில சாப்பிட்டு வீட்டுக்கு வந்து சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் மணக்கத் தொடங்கும். வாசம் வேணும்னா முந்துன நா காலைல வந்த பூவ வாங்கி குளுமையில வச்சிருந்து அத வைக்கணும். எனக்குப் பிடிச்சது ரெண்டையும் சேத்து வைக்கது, விரிஞ்சது உள்ள, மொட்டு வெளிய. சாயங்காலம் ரிசப்ஷன்னா இந்தக் குழப்பமே கிடையாது, காலைல வந்த மொட்ட வாங்கி அஞ்சு மணிக்கு வச்சா, மேடையில மொய் கவரக் குடுக்க க்யூவுல நிக்கும்போது ஒங்க தலையிலயே விரியும், பின்னால நிக்குறவ மூக்க உறிஞ்சிப் பாப்பா. விடியக்காலம் நாலரை ஆறு பிரம்ம முகூர்த்தம்னா முந்துன நா சாயங்காலமே வாங்கிறணும், அந்நேரத்துல எந்தக் கடைய போய் தட்டப் போறீங்க.

பிச்சிப்பூ வாசத்துல மல்லிய விட ஒரு படி மேல, மொட்டுக்கு அடியில லேசா ஒரு ரோஸ் வரி ஓடும் பாருங்க, அத நெருக்கிக் கட்டுனா அந்த நெறமே தனி அழகு. ஆனா இதழ் ரொம்ப மெல்லிசு, கசங்குனா பழுப்படிச்சிரும், பஸ்ல நெருக்கடில போறவங்களுக்கு ஆகாது. தலைவலி உள்ளவங்க, கைப்பிள்ளைய மடியில வச்சிருக்கவங்க பிச்சிய விட்டுட்டு முல்லை வச்சுக்கலாம், வாசம் அடக்கமா இருக்கும். கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது, ஆனா கனமும் கிடையாது, ரெண்டு நாள் தாங்கும், பிரிட்ஜும் வேண்டாம். சித்திரை வைகாசியில நம்ம ஊரு வெயில்ல ஏசி இல்லாத மண்டபத்துல கல்யாணம்னா நான் கனகாம்பரந்தான் சொல்லுவேன். பச்சை, மயில் கழுத்து, கருநீலப் பட்டுக்கு அந்த ஆரஞ்சு எடுப்பா இருக்கும், டெல்லி கனகாம்பரம்னு கொஞ்சம் சிவப்படிச்சு ஒண்ணு வருது, அது சந்தனக் கலர், க்ரீம் கலர் சேலைக்கு. அரக்கு, சிவப்புப் பட்டுக்கு வெள்ளைப் பூவ அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. மரிக்கொழுந்து ரெண்டு தண்டு நடுவுல சேத்த கதம்பம்னா ஆச்சிமாரு வைக்கதுன்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும், கொண்டையில அது மாதிரி ஒண்ணு பொருந்தாது.

வெலை விசயம். ஆடி, புரட்டாசி, மார்கழியில முகூர்த்தம் கிடையாது, மத்த மாசத்துல வளர்பிறை முகூர்த்தம் வந்தா பூ வெலை எங்கயோ போயிரும். ஆவணியில கூடுதலா ஓணமும் சேந்துக்கும், தோவாளை மார்க்கெட்டுல இருந்து பூவெல்லாம் கேரளாவுக்கு ஏறிரும், இங்க மிஞ்சுறதுக்குத்தான் போட்டி. தை மாசம் இன்னும் மோசம், பனியில மல்லி மொட்டு சிறுத்து வரத்தே கொறைஞ்சிரும், கிலோ ரெண்டாயிரம் மூவாயிரம்னு போறதெல்லாம் அப்பத்தான். கிறிஸ்தவக் கல்யாணங்க டிசம்பர் கடைசி, ஜனவரின்னு லீவுக்கு வெளியூர்க்காரங்க வார நேரமாப் பாத்து வைப்பாங்க, அதுவும் அந்தப் பனி சீசன்தான். அந்த நேரத்துல மல்லிக்கு மல்லுக்கட்டாதீங்க, கனகாம்பரமோ ஒத்த பன்னீர் ரோஜாவோ போதும். நாலஞ்சு பொம்பளையாளுக வீட்டுல இருந்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து வார சொந்தக்காரங்க யார்ட்டயாவது உதிரிப்பூவா வாங்கிட்டு வரச்சொல்லி வீட்டுலயே கட்டிக்கிட்டா காசு நல்லா மிச்சமாகும். அங்கதான் பக்கத்து கிராமத்துப் பூவெல்லாம் நேரா வந்து எறங்குது, மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க, அது அவங்க பெருமை, நமக்கு சங்கரன்கோவில் மல்லி ஒண்ணும் மட்டம் இல்ல.

கட்டுன பூவா வாங்குறதுன்னா ரெண்டு விசயம் கவனிங்க. ஒண்ணு, சரத்தைக் கையில வாங்கி லேசா தொங்கவிட்டுப் பாருங்க, பூவுக்கும் பூவுக்கும் நடுவுல நாரு தெரிஞ்சா அது எட்டக் கட்டுனது, முழத்துக்கு ஏமாத்துதுன்னு அர்த்தம். நெருக்கிக் கட்டுனதுன்னா திருப்பிப் பாத்தாலும் காம்புதான் தெரியும். முழம்ங்குறது கடைக்காரம்மா முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும், அதுல கைய மடக்கி அளக்குற வித்தையெல்லாம் உண்டு, பாத்துக்கிட்டே நில்லுங்க, சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது, மேல தண்ணி தெளிச்சு சொட்டச் சொட்ட வச்சிருந்தா அதை வாங்காதீங்க, பழைய பூவுக்குத்தான் அவ்வளவு தண்ணி தேவைப்படும், பட்டு ஜாக்கெட்டு முதுகுல அந்தத் தண்ணி எறங்கி திட்டுத் திட்டா கறை நின்னுரும். வாழைநார்ல கட்டுனது கிடைச்சா அதையே எடுங்க. நூல்ல கட்டுனது தலையில வழுக்கிக்கிட்டே எறங்கும், நாரு முடியோட பிடிச்சு நிக்கும், வீட்டுல கட்டும்போதும் நாரத் தண்ணியில நனைச்சு பதமாக்கிட்டு கட்டுங்க, காஞ்ச நாரு காம்பை அறுத்துரும்.

எத்தன முழம்? ஒத்த ஜடைன்னா ரெண்டு முழத்தை மடிச்சு வச்சா சரியா இருக்கும், கொண்டைய முழுசா சுத்துறதுக்கும் ரெண்டு முழம் வேணும், பாதி முடிய எடுத்து கிளிப்பு போடுறவங்களுக்கு அரை முழம், பாப் கட்டிங்குக்கு கால் முழத்தை ஒரு பக்கமா காதுக்குப் பின்னால.

வாங்கிட்டு வந்த பூவ எவர்சில்வர் டப்பாவுல வாழை இலைய விரிச்சு அதுல சுருட்டி வச்சு மூடி, பிரிட்ஜுல கீழ காய்கறித் தட்டு பக்கம் வச்சிருங்க, ப்ரீசருக்குப் பக்கத்துல வச்சா கண்ணாடி மாதிரி ஆகிக் கருத்துரும். இலை இல்லன்னா நல்லா பிழிஞ்ச ஈரத்துணி. பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சு போடாதீங்க, உள்ள வேர்த்து பழுத்துரும். மூடிய இறுக்கி மூடலைன்னா மறுநா மோரு, தோசை மாவு எல்லாத்துலயும் மல்லி வாசம் அடிக்கும், வீட்டு ஆம்பளைங்க அதுக்கு ஒரு பஞ்சாயத்து வைப்பாங்க.

இப்ப தலைக்கு வருவோம், இதத்தான் பொறுமையாச் சொல்லணும். கல்யாணத்தன்னைக்குக் காலைல தலைக்குக் குளிச்சு ஷாம்பு போட்ட முடில எந்தப் பூவும் நிக்காது, ஹேர்பின்னே நிக்காது. முந்துன நா குளிச்சிருங்க, காலைல உள்ளங்கையில ரெண்டு சொட்டு தேங்காண்ணெய் தடவி நுனிக்கு மட்டும் தேய்ச்சா போதும். ஜடைக்கு, காதுக்கு நேரா பின்னால மொதல்ல ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிட்டு அப்புறமா பின்னுங்க, பூவத் தாங்கப் போறது அந்த ரப்பர்தான். சரத்தை சரி பாதியா மடிச்சு, அந்த மடிப்புல கொண்டை ஊசியக் கோத்து, ரப்பருக்கு மேல முடிக்குள்ள மேலிருந்து கீழ சொருகி, அப்பிடியே ஊசிய லேசா திருப்பிக் குத்துங்க, திருப்பிக் குத்துறதுதான் முக்கியம், நேராக் குத்துனது நடக்க நடக்க வெளிய வந்துரும். அடுத்து ரெண்டு ஹேர்பின்ன எடுத்து நார் மேல பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாப் போடுங்க. ஊசி பூவுல படக்கூடாது, ரெண்டு காம்புக்கு நடுவுல நாரு மட்டும் இருக்க இடத்தை விரலாலத் தடவிப் பாத்தா தெரியும், அங்கன போடணும். தொங்குற ரெண்டு பக்கத்துலயும் கீழ ஒரு இடத்துல ஜடையோட சேத்து ஒரு சின்ன பின், இல்லன்னா ஒவ்வொரு தடவ குனியும்போதும் பூ முன்னால வந்து விழுந்து சாம்பார்ல தோயும்.

கொண்டைக்கு வேற மாதிரி. கொண்டை போட்டு முடிச்சப்புறம் சுத்துறதவிட, அடியில ஒரு சுத்து சுத்திப் பின் பண்ணிட்டு, அடுத்த சுத்தை அதுக்கு மேல ஒட்டுனாப்ல கொண்டுவந்து, கடைசி நுனிய உள்ளுக்குள்ள மடக்கிச் சொருகிருங்க, நுனி வெளிய தொங்குனா அவசரத்துல வச்சது மாதிரி இருக்கும். ஆண்டாள் கொண்டை மாதிரி ஒரு பக்கமா சாச்சுப் போடுறவங்க பூவையும் அந்தப் பக்கத்துக்கே குடுங்க, எதிர்ப்பக்கம் குடுத்தா தலை கோணலாத் தெரியும். ப்ரீ ஹேருக்குச் சரம் தொங்கவிடுறதக் காட்டிலும் கிளிப்புக்கு மேல வளைச்சு பிறை மாதிரி வச்சா இப்ப உள்ள ஸ்டைலு, பாக்கவும் அடக்கமா இருக்கும். ஜிப்ஸின்னு பொடிப்பொடியா இருக்க வெள்ளைப் பூவ முடிக்கு நடுவுல அங்கங்க சொருகுறாங்கல்லா, அது ரிசப்ஷனுக்கு நல்லா இருக்கு, வாடவும் செய்யாது, ஆனா பட்டுச்சேலைக்கு ஏனோ எனக்கு ஒட்டல.

காத்து ஒரு பெரிய எதிரி. திருச்செந்தூர்ல கோயில் கல்யாணம்னா ப்ரீ ஹேர் யோசனையே வேண்டாம், கடக்காத்து ஒரு நிமிஷத்துல பிரிச்சு மேஞ்சிரும், இறுக்கமான ஜடை, இல்ல கொண்டை. ஆனி மாசம் தென்காசி, குத்தாலம் பக்கம்னா சாரலோட காத்தும் சேந்து வரும், அங்கயும் அப்படித்தான். பஸ்ல போறவங்க ஜன்னலோரம் ஒக்காந்தா பூ மண்டபத்துக்கு வார முன்ன பாதி கொட்டிரும், டப்பாவுல கொண்டுபோய் மண்டபத்துல வச்சுக்கோங்க, டிரஸ்ஸிங் ரூம் கண்ணாடி பொண்ணுக்கூட்டத்துக்குத்தான், கைக்கண்ணாடி ஒண்ணு பையில இருக்கட்டும். வண்டில போறவங்களுக்கு ஹெல்மெட்டு இருக்கு, கல்யாணத்துக்குப் போறவங்க தலையில கட்டாயம் இருக்க வேண்டிய ஒரே அலங்காரம் அதுதான், அதுக்கடியில பூவ வச்சு அமுக்காம போய் எறங்கி வச்சுக்கோங்க, கொண்டைய மட்டும் கழுத்தோட தாழ்த்திப் போட்டா ஹெல்மெட்டுல இடிக்காது.

மண்டப வாசல்ல வரவேற்புத் தட்டு இருக்கும், சந்தனம், குங்குமம், கல்கண்டு, கூடவே துண்டு துண்டா வெட்டி வச்ச பூச்சரம். தலை நெறைய வச்சுட்டு வந்திருந்தாலும் நீட்டுறத வேண்டாம்னு சொல்லாதீங்க, வாங்கி இருக்க பூவோட ஓரத்துல சேத்துச் சொருகிக்கோங்க, இல்ல கையில வச்சிருந்து பக்கத்துல பூ இல்லாம நிக்குற பிள்ளைக்கு வச்சு விடுங்க. இதுக்காகவே நான் ரெண்டு ஹேர்பின் மணிபர்ஸ்ல கூடுதலாப் போட்டுக்கிடுவேன். நீங்க தட்டு பிடிக்கிற இடத்துல நின்னீங்கன்னா இன்னொண்ணு சொல்லுதேன், புருசன் தவறிப்போன அக்காமாரு, அத்தைமாரு வரும்போது தட்டை லேசா அடுத்தவங்க பக்கம் திருப்புற பழக்கம் இன்னும் பல வீட்டுல இருக்கு, அது அவங்க மூஞ்சிய எப்படி ஆக்கும்னு பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒண்ணுபோல நீட்டுங்க. எடுக்குறதும் விடுறதும் அவங்க பாடு. வயசான ஆளுக சிலபேரு எடுத்து மொகந்து பாத்துட்டு பேத்தி தலையில வச்சு விடுவாங்க, அதுக்காவது வழி இருக்கணும்லா.

பாளையங்கோட்டையில ஊசிக்கோபுரம்னு சொல்லுத சர்ச்சு மாதிரி சிஎஸ்ஐ கோயில்ல கல்யாணம்னா ஜெபம் நடக்கும்போது பெரியவங்க முந்தானைய எடுத்து முக்காடு போட்டுக்கிடுவாங்க, விருந்தாளியா போற நீங்களும் போட்டுக்கிட்டா மரியாதை, போடலைன்னு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முக்காடு போடுற எடத்துக்கு உச்சியில பூ ஆகாது, பிடரிக்குக் கீழ தாழ்த்தி வைங்க, சேலை மேல இழுத்தாலும் நசுங்காது. முந்தானைய தோள்ல ரொம்ப இறுக்கிப் பின் பண்ணிட்டுப் போனீங்கன்னா தலைக்கு எட்டாது, அதக் கொஞ்சம் நீளமா விட்டுக்கோங்க. பெந்தெகொஸ்தே சபைக்காரங்க பூவும் வைக்க மாட்டாங்க, நகையும் போட மாட்டாங்க, அங்க ஒத்த சரத்தோட போறது தப்பில்ல, அதுக்காக அவங்க பிள்ளைக்குப் பூ வச்சு விடுறேன்னு நிக்கக்கூடாது. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் நிக்காஹ்னா பொம்பளையாளுக தனியா ஒக்காருவாங்க, துஆ ஓதும்போது மட்டும் முந்தானைய தலைக்கு மேல எடுத்துவிட்டாப் போதும், மத்தபடி பூ விசயத்துல அவங்க நமக்குச் சளைச்சவங்க இல்ல, மேல போத்தியிருக்க துப்பட்டிய எடுத்தா உள்ள மல்லிச்சரம் மணக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் கிடையாது, நெத்திச்சுட்டி போடலாம், ஜடைக்குப் பூ தைக்கலாம். வாழை மட்டைய ஜடை அகலத்துக்கு வெட்டி அதுல மல்லி மொட்ட வரிசையா தைச்சு ஜடை மேல கட்டுறது, முன்ன சித்திரை லீவுல இத வச்சு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி பின்னால கண்ணாடி வச்சு ஜடையும் தெரியுற மாதிரி போட்டோ எடுப்பாங்க, பல வீட்டு சுவத்துல அந்தப் போட்டோ இன்னும் தொங்குது. அழகுதான், ஆனா பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுக்கு பாதி நீளம் தைங்க, பந்தி முடிஞ்சதும் கழட்டி விட்டுருங்க, அழுதுக்கிட்டே நிக்குற பிள்ளைய போட்டோ எடுத்து என்ன செய்ய.

செயற்கைப் பூ வாங்குறதுன்னா திருநெல்வேலி டவுண் ரத வீதி பேன்சி கடைகள்ல வகை வகையா தொங்குது. வெள்ளைய வாங்காதீங்க, ரெண்டு கல்யாணத்துல மஞ்சளடிச்சிரும், எட்ட இருந்து பாத்தாலே தெரியும். கலர் பூவுல சின்னதா, கிளிப்போட வார மாதிரி எடுங்க. நிஜப் பூவுக்கு நடுவுல ஒத்த செயற்கை ரோஜா வச்சா கண்டுபிடிக்கவே முடியாது.

லண்டன், மான்செஸ்டர்னு போய் செட்டிலானவங்க அங்க வெள்ளைக்காரங்க கல்யாணத்துக்குத் தொப்பி வச்சுட்டுப் போகணுமான்னு போன்ல கேக்காங்க. ஃபேசினேட்டர்னு சொல்லுதாங்கல்லா, இறகும் வலையும் பூவும் வச்சு கிளிப்புலயோ ஹேர்பேண்டுலயோ நிக்குற குட்டித் தலையலங்காரம், அது அங்க பகல் கல்யாணத்துக்கு இப்பவும் போட்டுட்டுத்தான் போறாங்க, கட்டாயம்னு ஒண்ணும் இல்ல. 2011ல இங்கிலாந்து இளவரசர் வில்லியம், கேட் கல்யாணத்துக்கு இளவரசி பீட்ரிஸ் வச்சிட்டுப் போன தொப்பிய ஊரே கேலி பண்ணுச்சு, பிலிப் ட்ரேசிங்குற தொப்பிக் கலைஞர் செஞ்சது, அப்புறம் அதையே இபேல ஏலம் விட்டு 81,100 பவுண்டுக்குப் போச்சு, தர்ம காரியத்துக்குக் குடுத்தாங்க. அஸ்காட் குதிரைப் பந்தயத்துல ராயல் என்க்ளோசர்ங்குற விஐபி பகுதியில 2012ல இருந்து வெறும் ஃபேசினேட்டர் செல்லாது, தலையில வைக்கதுக்கு அடிப்பாகம் நாலு இஞ்சாவது இருக்கணும்னு சட்டமே போட்டாங்க, ஆனா அது பந்தயத்துக்கு, கல்யாண வீட்டுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. வைக்கதா இருந்தா வலது பக்கம் சாச்சு வைக்கது வழக்கம், சர்ச்சுல பின்னால ஒக்காந்திருக்கவங்களுக்கு மறைக்கக்கூடாது, பொண்ணோட அம்மா தன் தொப்பியக் கழட்டுற வரைக்கும் மத்தவங்க கழட்ட மாட்டாங்கன்னு ஒரு பழைய மொறையும் உண்டு. சாயங்காலப் பார்ட்டிக்கு மட்டும் கூப்பிட்டிருந்தா தொப்பி வேண்டாம். பட்டுச்சேலை கட்டிட்டுப் போறதா இருந்தா ஃபேசினேட்டரத் தொடாதீங்க, தமிழ்க் கடையில மல்லி கிடைச்சா ஒரு முழம் வச்சுட்டுப் போங்க, அந்தக் கல்யாணத்துல ஒங்க தலையத்தான் எல்லாரும் வந்து மோந்து பாப்பாங்க.

ஆம்பளைங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிருதேன். தலப்பா தாய்மாமனுக்கு, இல்ல அந்த வீட்டுல மொறைப்படி யாருக்குக் கட்டுதாங்களோ அவங்களுக்கு. இப்ப மாப்பிள்ளை கூட்டாளிக பத்து பேரு ஒரே கலர்ல ரெடிமேட் தலப்பா மாட்டிட்டு வாராங்க, வடக்க பாத்துட்டு வந்தது, அந்த வீட்டுலயே வாங்கிக் குடுத்து மாட்டச் சொன்னா மாட்டிக்கோங்க, நீங்களா வாங்கிட்டுப் போகாதீங்க. நிக்காஹ்ல தொப்பி குடுத்தா வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா கைக்குட்டையக் கட்டிக்கிட்டாலும் ஆச்சு. சர்ச்சுக்குள்ள வெறுந்தலை. திருச்செந்தூர் சந்நிதிக்குள்ள போறதா இருந்தா சட்டையவே கழட்டணும், அங்க தொப்பிக்கு எங்க எடம்.

மறுநா மறுவீட்டுக்கு சொதி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா முந்துன நா பூவையே வச்சுட்டுப் போகாதீங்க, ஒத்த ரோஜா, இல்ல கொஞ்சம்போல புதுக் கனகாம்பரம் போதும், அன்னைக்கு எல்லாரும் காட்டன் சேலையில சாவகாசமா வந்திருப்பாங்க. ராத்திரி படுக்குறதுக்கு முன்ன பூவ எடுத்துருங்க, அப்படியே உருவாதீங்க, மொதல்ல பெருக்கல் குறியாப் போட்ட ஹேர்பின்ன எடுத்துட்டு, கொண்டை ஊசியத் திருப்பி எடுத்தா சரம் தானா கையில வந்துரும், இல்லன்னா முடியும் சேந்து வரும். வாழைநார்ல கட்டுனதுன்னா அப்படியே செடி மூட்டுல போடலாம், நூல்னா நூல உருவிட்டுப் போடுங்க. கொண்டை ஊசிய எண்ணி டப்பாவுல போட்டு வைங்க, அடுத்த முகூர்த்தத்துக்கு ஒண்ணுகூட இருக்காது.